பேனர் சுற்றாத சட்டங்கள்

உன் கண்ணீர் அஞ்சலி பேனரை இன்று காலையில்தான் நிதானமாகப் பார்த்தேன். வளவனூரில் உன் வீட்டுப் பின்பக்கம், நீ பாதியில் விட்டுப்போன பலகைத்தளத்தின், உன் மர டெக்கின், மேல் உன் அப்பா அதை விரித்துப் போட்டிருந்தார். வெயிலில் காய்ந்த ஃபிளக்ஸ் வாடை. போட்டோவில் அந்தக் கட்டம்போட்ட சட்டை. அவசரத்தில் நான் கொடுத்த படம்தான். அதைவிட நல்லது உன்னிடம் கிடையாது.

அப்பா கையில் கத்தரிக்கோல். மேலே பலகை அடிப்பதற்கு முன், கீழே அதைத் தாங்கும் மரச்சட்டங்களை எல்லாம் அந்தப் பேனரை வெட்டிச் சுற்றிவிட வேண்டும் என்றார். ஐப்பசி மழையில் ஒரு சொட்டு மரத்தில் படக்கூடாதாம்.

"எம்புள்ள இப்பிடித்தான் சுத்துவான். அவனே மழைய மறைச்சுக்கினு இருக்கட்டும்பா."

 

நீ அப்படிச் சுற்றியவன்தான். திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு டெக் போட்டதுதான் நாம் சேர்ந்து செய்த முதல் வேலை. நம் ஊர்ப்பக்கம் கட்சி பேனர், காதுகுத்து பேனர் எதுவும் வீணாவதில்லை. வைக்கோல் போருக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ போய்விடும். வைக்கோலைக் காப்பது மரத்தைக் காக்காதா என்றாய். காக்காது என்றேன். பலகையை முடுக்கும் ஸ்க்ரூ ஓட்டை வழியே தண்ணீர் இறங்கத்தான் செய்யும். முழுக்கச் சுற்றினால் இறங்கியது வெளியேற வழியில்லை. சட்டத்தின் மேல்முகத்தில் மட்டும் தார் டேப், அறுத்த முனைகளுக்கு பெயிண்ட், பக்கங்கள் காற்றாட இருக்கட்டும் என்றேன். "மரம் மூச்சு வுடணுமாம். நீ இன்னா டாக்டரா?" என்று ஆட்கள் முன்னால் கலாய்த்தாய். ஒரே வகுப்பில் டிப்ளமோ படித்தும் இந்தச் சண்டை. கடைசியில் டெக்கில் பாதி உன் இஷ்டம், பாதி என் இஷ்டம்.

இரண்டு மழைக்காலம் தாண்டியதும் பலகை தொய்கிறது என்று கூப்பிட்டார்கள். கழற்றினோம். உன் பக்கம் பேனரைக் கிழித்ததும் தண்ணீர் வடிந்தது; சட்டத்தில் விரல் புதைந்தது. என் பக்கம் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தது. நான் ஜம்பம் அடிக்க வாயைத் திறப்பதற்குள் நீ ஓனரம்மாவிடம் திரும்பிவிட்டாய்.

"இது என் தப்புங்க. இவன் வாணாம்னான், நான்தான் கேக்கல. மாத்திக் குடுத்துடறேன்."

பழியை மழை மேல் போடவில்லை, மரக்கடை மேல் போடவில்லை.

அந்த வேலையை ஆரம்பத்தில் வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறாய். பின்னால் அது உளுத்துப்போன கதை மட்டும் வளவனூர் வந்து சேரவில்லை. அப்பா சொன்னபடி சுற்றிக் கொடுத்தால் இன்றைக்கு அவருக்கு ஆறுதல். ஆனால் அவர் காலடியிலேயே சட்டம் உளுத்துப்போகும், அதுவும் உன் முகம் போட்ட பேனருக்குள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பட்டென்று சொன்னேன்.

"சுத்தக்கூடாதுப்பா. திண்டிவனத்துல அவன் செஞ்சது தப்பு. அவனே ஒத்துக்கினான்."

ஓரத்துச் சட்டங்களைக் காட்டினேன். உடம்பு முடியாமல் படுப்பதற்கு முன் நீயே அவற்றின் மேல்முகத்தில் தார் டேப் ஒட்டியிருந்தாய். அவர் குனிந்து அதைத் தடவினார்.

"அவனேவா ஒத்துக்கினான்?"

"ஆமாப்பா. கஸ்டமர் எதிர்லயே."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"வூட்ல ஒரு நாளும் ஒத்துக்கினது இல்லியே, திருட்டுப்பய."

பேனரைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போனார்.

மீதிச் சட்டங்களுக்கு நான் டேப் ஒட்டி முடித்துவிட்டேன். நாளைக்குப் பலகை. எந்த மழை வந்தாலும் இது நிற்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மர வேலையில் உன்னிடம் நான் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதில் நான்தான் கெட்டி. ஆனால் இப்போதெல்லாம் தப்பு என்னுடையது என்றால் ஓனர் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைப்போல் இதமாக வராது, கடுகடு என்றுதான் வருகிறது. இருந்தாலும், அடுத்தவன் பெயர் வாயில் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.