ஷாஹிதா காட்டிய வெள்ள அடையாளம்

நொய்யல் கரை, திருப்பூர்
4.8.2024

அன்புள்ள வேல்விழிக்கு,

ஷாஹிதா எழுதுவது. போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று உன் ஆற்றுத் திட்ட ஆபீஸ்காரர்கள் என் வாசலில் மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். ஆறு பரவுகிற பழைய இடத்தை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறார்களாம். கல்லுக்கு ஆற்றுப் பக்கம் இருக்கிற வீடெல்லாம் போகுமாம். எந்தக் கணக்கில் என்று கேட்டேன். "நீங்க காட்டுன அடையாளந்தானுங்க அக்கா" என்றார் ஒருவர்.

ஆபீசிலிருந்து அளவெடுக்க வந்த உனக்கு டீ போட்டுக் கொடுத்து, வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் தொட்டுக் காட்டினேன். அதையா எழுதிக்கொண்டு போனாய்? ஆறு வருஷம் என் பக்கத்து மெஷினில் தைத்தவள் என்று நம்பினேன், பார். இந்த வீடு போனால் இரண்டு தையல் மெஷினோடு நான் எங்கே நிற்பேன்? ஷாஹிதா தப்பாகக் காட்டிவிட்டாள் என்று எழுதிக் கொடு.

ஷாஹிதா

நெருப்பெரிச்சல்
9.8.2024

அன்பு ஷாஹி,

போனை எடுக்கப் பயந்தேன். எதற்காக அளக்கிறேன் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ காட்டமாட்டாய் என்று நினைத்தேன். தப்புதான்.

ஆனால் நீ காட்டியது உண்மை. அங்கே தண்ணீர் பரவி நின்றால் கீழ்த்தெருவில் முந்நூறு வீட்டுக்குள் வெள்ளம் ஏறாது. மண்ணில் இறங்குகிற தண்ணீரால் போர்வெல்லில் உப்பும் கொஞ்சம் குறையும்.

வரைபடம் முடிவாக உன் சாட்சிக் கையெழுத்து வேண்டும். நீ போடாவிட்டால் கல் உன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும், உன் வீடு தப்பும். போடாதே. நான் வாய் திறக்கமாட்டேன்.

வேலு

நொய்யல் கரை
16.8.2024

வேல்விழி,

நேற்று கீழ்த்தெருவுக்குப் போனேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முத்துப்பேச்சி என்று ஒருத்தி, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். போன வெள்ளத்தில் பிள்ளைகளைப் பரணில் ஏற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றாளாம். "உங்க பக்கம் தண்ணி நின்னா எங்களுக்கு வராதாம்லக்கா, நெசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்று காலை ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். பெரிய மனசு என்று யாரிடமும் சொல்லித் தொலைக்காதே. அழுதுகொண்டே போட்டேன். மாற்று வீடு நான்காவது மாடியாம், மெஷினை எப்படி ஏற்றுவது என்று இன்னும் தெரியவில்லை.

வீடு போன வருத்தம் என்றைக்காவது ஆறிவிடும். விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பேன் வேலு. காட்டமாட்டேன் என்று நினைத்தாயே, அதுதான் ஆறவில்லை.

புது விலாசம் எழுதவில்லை. தேடி வராதே.

ஷாஹிதா