ஒன்றரை மடங்கு வேகம்

மதுரை,
6.10.2024

அன்புத் தோழி பௌசியாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். இந்தக் கன்னியர் மடத்துக்கு வந்த ஜூனிலிருந்து சொல்வதுதான், எங்களுக்குப் போன் கிடையாது, தபால்தான். வருவதையும் போவதையும் மதர் படிப்பார்கள், அதனால் பார்த்துத் திட்டு.

நான் கிறுக்காய்க் கேட்பேனே, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் இசை, அது இங்கே இல்லை. உன் போனில் ஏற்றிக் கொடுத்ததில் மூன்றைச் சொல்கிறேன். கேட்டு எழுது, உன் காதால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் பாஹ் எழுதிய தனிச் செல்லோ, வயலினுக்குப் பெரியண்ணன். பலர் வாசித்திருக்கிறார்கள், நான் ஏற்றியிருப்பது ஒரு கிழவர் வாசித்தது. அவர் மூச்சு விடுவதும் பதிவாகியிருக்கும். அடுத்தது ஹார்ப்சிகார்டு, பியானோவுக்கு அத்தை முறை. கடைசியில் ஒரு பெண் பாடுவது. கீழே தந்தி வாத்தியங்கள் ஒரே இறக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். மேலே அவள் என்ன செய்கிறாள் என்று கவனி. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாயே, இன்னும் தீரவில்லையா?

உன் ஜெயஷீலா

கோவில்பட்டி,
20.10.2024

ஏட்டி ஷீலா,

தீரவில்லை. ஊருக்குக் கிளம்புகிறவள் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல வேண்டும். நீ ‘போறேன்’ என்றாய். எங்கள் அம்மாகூட, “என்ன இந்தப் புள்ள இப்படிச் சொல்லிட்டுப் போகுது?” என்றாள்.

மூன்றையும் கேட்டேன். கிழவருக்கு ஏன் இத்தனை அவசரம்? கயத்தாறு பஸ்ஸைத் துரத்திப் பிடித்தவர் மாதிரி மூச்சு வாங்குகிறது. ஹார்ப்சிகார்டு, தகரத்தில் உளுந்து கொட்டுகிற சத்தம். அந்தப் பெண் பாடுவது கும்மி மாதிரி இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதான் பிடிக்கும் என்கிறாயே, அங்கே சந்தோஷமாய்த்தான் இருக்கிறாய் போல.

உங்கள் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். “எம் மவ சிஸ்டராப் போறாம்மா” என்று எனக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். தெருவுக்கே கொடுத்தாராம்.

பௌசியா

மதுரை,
3.11.2024

பௌசி,

கும்மியா? விட்டுப்போனவனை நினைத்து ஒருத்தி அழுகிற பாட்டு அது. மதர்கூட, “ஒன் சினேகிதிக்கு என்னம்மா காது?” என்று கேட்டார்கள்.

யோசித்தேன். நீ பரீட்சைப் பாடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்பாய் அல்லவா? போனில் அதை மாற்றினாயா? மாற்றிவிட்டு மறுபடி கேள்.

டிசம்பர் எட்டாம் தேதி எங்களுக்குத் துறவு உடை தருகிறார்கள். அப்பா வேன் பிடித்து ஆட்களைக் கூட்டி வருகிறார். அதற்கு முன்னால் கேட்டுவிடு.

ஷீலா

கோவில்பட்டி,
12.11.2024

அன்புள்ள ஷீலா,

நீ சொன்னதுதான். வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். கிழவருக்கு அவசரமே இல்லை. அடுத்ததை வாசிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து மூச்சு விடுகிறார், அவ்வளவுதான்.

உன் பாட்டை எங்கள் மளிகைக் கடையில் உட்கார்ந்து கேட்டேன். அவள் எப்படியெல்லாமோ மேலே ஏறிப் பார்க்கிறாள். கீழே இருக்கிற இறக்கம் மாறவே மாட்டேன் என்கிறது. அழுதுவிட்டேன். சீனி கேட்ட ஆளுக்கு உப்பை நிறுத்துக் கொடுத்தேன்.

பிறகு ஜூனிலிருந்து நீ எழுதிய கடிதங்களையும் மெதுவாகப் படித்தேன். ஜெபம், சாப்பாடு, மதர் எல்லாம் இருக்கிறது. ‘பிடித்தது’ என்று ஒரே இடத்தில்தான் எழுதியிருக்கிறாய், அதுவும் இந்தப் பாட்டைப் பற்றி.

மதர், நீங்களும் இதைப் படிப்பீர்கள், மன்னிக்க வேண்டும். ஷீலா, உனக்கு அங்கே இருக்கப் பிரியமா? பிரியம் என்றால் எட்டாம் தேதி முதல் வரிசையில் நான் இருப்பேன். இல்லையென்றால் அப்பாவிடம் நான் பேசுகிறேன். மிட்டாய் தின்றவர்கள் நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் அடுத்த வீட்டு மிட்டாய்க்குப் போய்விடுவார்கள்.

உன் பௌசியா

மதுரை,
19.11.2024

பௌசி,

மதர் இந்த இன்லண்ட் லெட்டரைக் கொடுத்து, “நீயே எழுதி ஒட்டிப் போட்டுரு, நான் படிக்கலை” என்றார்கள்.

அப்பாவிடம் நீ பேசாதே. நானே பேசிக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. கிழவரைச் சரியான வேகத்தில் வைத்திரு, சேர்ந்து கேட்கலாம்.

வாரேன்.

ஷீலா