நாற்பத்தொன்றில் ஒன்று

நவம்பர் 1, செவ்வாய்
இன்றைய தபாலில் பதினொரு ஓட்டுகள். ஒன்று வெர்லின் ஹவ்கனுடையது. உறைமேல் கையெழுத்து மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஆக்சிஜன் குழாயோடு எழுந்து உட்கார்ந்து போட்டாராம். சாட்சிக் கையெழுத்து அவர் மனைவி அயோனுடையது.
பத்தொன்பது வருஷமாக இந்த ஊருக்கு நான்தான் கிளார்க். ஊர்க் கணக்கோடு தேர்தல் நடத்துவதும் என் வேலை. மாநிலச் சட்டசபைத் தேர்தலுக்கு இவ்வளவு சண்டை பார்த்ததில்லை. நிற்பது இரண்டே பேர்; ஒரு வீடு டால்கி பக்கம் என்றால் அடுத்த வீடு கெசனிச் அம்மாள் பக்கம்.

நவம்பர் 7
வெர்லின் இன்று விடியற்காலை போய்விட்டார். அயோன் போனில் அழவில்லை. "அவரு ஓட்டைத் தூக்கிப் போட்டுடாத, ஆர்லிஸ். கடைசியா கையெழுத்துப் போட்டது அதுலதான்" என்றாள்.
வாக்குப்பதிவு நாளுக்கு முன் இறந்தவரின் ஓட்டு செல்லாது. எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 8
வாக்குப்பதிவு முடிந்தது. வெர்லின் ஓட்டையும் சேர்த்துவிட்டேன். எண்ணும் மேஜையில் என்னோடு இருந்த இருவரும் வெளியூர்க்காரர்கள், அவர் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. பெயரை நானே உரக்கப் படித்தேன். குரல் மாறவேயில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 9
தொகுதி முழுக்க இருபத்து மூவாயிரம் ஓட்டு. டால்கி ஜெயித்தது ஒரே ஒரு ஓட்டில்.
நானும் டால்கிக்குத்தான் போட்டேன். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 12
சர்ச்சில் வெர்லினின் இறுதிச் சடங்கு. கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச், காபி. அயோன் என் கையைப் பிடித்து, எண்ணிவிட்டாயா என்று கேட்டாள். தலையாட்டினேன். பெட்டிக்குள் அவர் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

நவம்பர் 16
கெசனிச் மறு எண்ணிக்கை கேட்டிருக்கிறார்.
வெர்லின் யாருக்குப் போட்டார்? டால்கிக்கு என்றால் அதைக் கழித்தால் இருவரும் சமம், உண்மையில் யாரும் ஜெயிக்கவில்லை. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் அவருடைய எழுத்துத்தான் கண்ணில் நிற்கிறது.
ஏன்டி ஆர்லிஸ், ஏன் பண்ணின? பாவம் பார்த்தேன்னு சொல்லிக்கலாம். பாவம் பாக்கறதுக்கு அது உன் வீட்டுப் பொருளா?

நவம்பர் 19
மான் வேட்டை தொடங்கிவிட்டது. ஊரே ஆரஞ்சுச் சட்டையோடு காட்டுக்குள். ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிப்போடுகிறது.

நவம்பர் 21
மாவட்ட அலுவலகத்தில் மறு எண்ணிக்கை. எங்கள் ஊர் ஓட்டுப் பையைப் பிரிக்கும் முன் எழுந்து சொல்லிவிட்டேன்.
கெசனிச்சின் வக்கீல், "எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.
"முதல்லேர்ந்தே."
ஓட்டுச் சீட்டில் போட்டவர் பெயர் இருக்காது. வெர்லினுடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் விதிப்படி எங்கள் தபால் ஓட்டுகள் நாற்பத்தொன்றையும் கலைத்துப் போட்டார்கள். ஓர் அலுவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெர்லினுடையதற்கு ஈடாக ஏதோ ஒன்றை உருவினார். அதை எண்ணக் கூடாது.
அது கெசனிச்சுக்கு விழுந்த ஓட்டு. டால்கியின் வெற்றி இப்போது இரண்டு ஓட்டில்.
அந்தச் சீட்டை நான் பார்த்தேன். வேட்பாளர் பெயர்களுக்குப் பக்கத்து வட்டங்கள் எல்லாம் பேனாவால் கோடு தாண்டாமல் நிதானமாக நிரப்பப்பட்டிருந்தன. நடுங்கும் கையால் அப்படி முடியாது.

நவம்பர் 22
ராஜினாமா. நான் டால்கி ஆள், தெரிந்தே செய்தேன் என்கிறது ஊர். நான் மறுக்கவில்லை. எனக்கே நிச்சயமில்லை.

டிசம்பர் 2
மளிகைக்கடையில் அயோன். கூட வந்தவளிடம், எனக்குக் கேட்கும்படி, "செத்தவரையும் விடல, கோர்ட்டு வாசல்ல நிறுத்திட்டா" என்றாள்.

ஜனவரி 10
அரசு வக்கீல் வழக்குப் போடாமல் எச்சரித்து விட்டுவிட்டார். டால்கி பதவியேற்றாயிற்று. தபால்காரர் வாசலில் நின்று, "நான் ஓட்டுப் போட்டதுக்கு இந்தத் தடவைதான் ஒரு அர்த்தம் இருந்துச்சு. பெரிசா வித்தியாசமே இல்ல பாத்தியா" என்றார். அவர் எப்போதும் தபாலில் போடுகிறவர். எப்போதும் கெசனிச் கட்சி.
வெர்லின் போக நாற்பது பேர். உருவிப் போட்டது அவர்களில் யாருடையதோ. ஒவ்வொருவர் கையையும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 4
பள்ளி வாரியத் தேர்தல். வரிசையில் நின்று என் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன். சீட்டை இயந்திரத்தில் விட்டேன். மேலே, இதுவரை விழுந்த ஓட்டுகளைக் காட்டும் எண் 87 என்று மாறியது. நகர முடியவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் அயோன் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.
"நகரு, ஆர்லிஸ்" என்றாள். "உன்னுது விழுந்துடுச்சு."