டப்பாவின் பின்பக்கம்

நவம்பர் 3, திங்கள்

திரிஷாவுக்கு வலிப்பு வராமல் இன்றோடு எழுபத்தோரு நாள். நாலு வயதுக் குழந்தைக்குச் சோறில்லை, இட்லியில்லை. மாவுச்சத்தை ஒதுக்கி, கொழுப்பைக் கூட்டிய கீட்டோ சாப்பாடு மட்டும். வீட்டுக்காரர் கதிர்வேல் ஜரிகை நிறுக்கும் தராசில்தான் அவள் முட்டையையும் வெண்ணெயையும் நிறுக்கிறேன். தெருவில் தறிக்கான பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது அவளை வெளியே விடுவதில்லை. விரலை நக்கிவிடுவாள், அரிசிக் கஞ்சி.

வெண்ணெயைக் கண்டாலே இப்போது வாயை மூடிக்கொள்கிறாள். டயட்டீஷியனிடம் கேட்டேன், சோர் க்ரீம் கொடுக்கலாமா என்று. “புளிக்க வெச்ச க்ரீம்தானே, குடுக்கலாம்மா. ஃபுல் ஃபேட்டா பாருங்க. இருபது கிராம். டப்பா பின்னாடி படிச்சுட்டு குடுங்க.”

நவம்பர் 6, வியாழன்

ஆன்லைனில் போட்ட டப்பா சென்னையிலிருந்து வந்துவிட்டது. வெள்ளரித் துண்டைத் தொட்டுத் தொட்டுத் தின்றாள். “இன்னும் கொஞ்சம்மா.” எத்தனை நாளாயிற்று அவள் இப்படிக் கேட்டு.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் வலிப்பு வந்துவிட்டது. இரண்டு நிமிடம். எழுபத்தாறு நாள் போச்சு.

வெள்ளிக்கிழமை தேவகி அண்ணிதான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கதிர்வேலின் அக்கா, அடுத்த தெரு. நான்தான் முதலில் கேட்டேன்: “அண்ணி, சுண்டல் ஏதாவது குடுத்தீங்களா?”

“ஒரு கடலை கூட குடுக்கலம்மா. கேட்டு அழுதா, இடுப்புல தூக்கிக்கினு வந்துட்டேன்.”

“பொய் சொல்லாதக்கா,” என்றார் கதிர்வேல்.

அண்ணி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலில் நாலாவது வார்த்தை ஸ்டார்ச்.

ஆர்டர் போட்ட அன்று ஃபுல் ஃபேட் தீர்ந்துபோயிருந்தது. அதே கம்பெனியில் ‘லைட்’ இருந்தது, அழுத்திவிட்டேன். வந்ததும் பிரித்து ஊட்டியும்விட்டேன். பி.எஸ்சி. படித்தவள். கொழுப்பை எடுத்த இடத்தில் கஞ்சிமாவைப் போட்டிருக்கிறான். தெருக் கஞ்சி படக்கூடாதென்று கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து நானே—

டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஏன் ஒளித்தேன்?

நவம்பர் 12

சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

டயட்டீஷியனிடம் மட்டும் சொன்னேன். “அதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா. தூக்கம் கெட்டாகூட வரும். ஆனா அந்த டப்பா வேணாம்.”

எனக்கு அந்தச் சந்தேகம் துணைக்கு இருக்கிறது. அண்ணிக்கு அதைக்கூட நாங்கள் கொடுக்கவில்லையே.

திரிஷா கேட்கிறாள்: “அத்தை ஏன் வர்ல?” “ஒத்துக்கினா வரட்டும்,” என்கிறார் கதிர்வேல். நான் அடுப்பைத் துடைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கதிர்வேல் தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மிதியிலிருந்து காலை மட்டும் எடுத்தார். “அஞ்சு நாளா தெரியுமா உனக்கு?” என்றார். அப்புறம், “அக்காகிட்ட நீயே போய் சொல்லு. நானும் வரேன், நானும்தானே பேசுனேன்.”

நாங்கள் போய்ச் சொன்னதும் அண்ணி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இங்கிலீஷ் எனக்கு வராது. படிக்கத் தெரிஞ்சவ நீ. படிக்காம குடுத்துட்டு என்னைக் கேட்ட பாரு.”

திட்டியிருக்கலாம். டீ போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 28, வெள்ளி

பத்தொன்பது நாள் ஆகிறது, வலிப்பு வரவில்லை. அண்ணி வர ஆரம்பித்துவிட்டார். புது டப்பா, ஃபுல் ஃபேட். பிரிப்பதற்குமுன், “வாசிமா, எல்லாத்தையும்,” என்றார். வாசித்தேன். க்ரீம், அதைப் புளிக்க வைக்கிற கல்ச்சர், அவ்வளவுதான். “இன்னொரு வாட்டி.” வாசித்தேன். இருபது கிராம் நிறுத்தேன்.

சாயங்காலம் திரிஷா கோயிலுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தாள். “உங்கம்மாவையும் கூட்டிக்கினு வா,” என்றார் அண்ணி.

சுண்டல் கொடுத்தார்கள். அண்ணி வாங்கவில்லை. திரிஷா பக்கத்தில், நான் பார்க்கும்படி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.