உன் அப்பா குறட்டை விட்டதே இல்லை

அன்புள்ள பாப்புவுக்கு,

அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். என் சுகத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் ஒரு வரி உண்டு, இந்த முறை அதை எழுதப்போவதில்லை, ஏனென்றால் உறுதியான செய்தியே கையில் இருக்கிறது. இந்த வீட்டில் இத்தனை வருஷமாகக் குறட்டை விட்டது உன் அப்பா இல்லை, நான். சொன்னவர் காது மூக்கு தொண்டை டாக்டர். போன வாரம் கம்ப்யூட்டரில் கோடு கோடாகக் காட்டிச் சொன்னார். அதற்கு முன்பே உன் அத்தையும் சொன்னாள்தான், ஆனால் அவள் எனக்கு நாத்தனார், நாத்தனார் சொல்லும் குற்றத்தை இன்னோர் இடத்தில் விசாரிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று காத்திருந்தேன்.

சிரித்து முடித்த பிறகு மேலே படி. அப்பா போனதிலிருந்து நான் எப்படி இருந்தேன் என்பது உனக்கு ஓரளவு தெரியும். காலையில் எழுந்தால் தலை மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி கனக்கும், பேப்பரை விரித்தால் தலைப்பைத் தாண்டுவதற்குள் கண் செருகும். நீ புது வேலையைப் பற்றி வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தபோதே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேன், 'நெட் சரியில்ல, அத்தை அப்படியே நின்னுட்டாங்க' என்று மாப்பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றினார். நூலகத்துக்குப் போக பஸ் ஏறியவள் டிப்போவில் கண் விழித்தேன். கண்டக்டர் தோளைத் தட்டி, 'பாட்டி, பஸ்ஸே தூங்கப் போகுது, நீங்களும் வீட்டுக்குப் போய்ப் படுங்க' என்றார். தூங்கியதைவிட அந்த 'பாட்டி'தான் எனக்கு உறைத்தது. பால் பாத்திரம் அடுப்பிலேயே கரியானதை மட்டும் உன்னிடம் மறைத்தேன், அதை மாடி வீட்டுக்காரம்மா உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சேர்ந்து இதற்குத் துக்கம் என்று பெயர் வைத்தீர்கள். தெருமுனை டாக்டர் துக்கம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். நீ சிரிப்புப் பயிற்சி வீடியோ அனுப்பினாய், அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், 'இனிமேலாவது அந்தச் சத்தம் இல்லாம நிம்மதியாத் தூங்குங்க' என்று ஆறுதல் வேறு சொன்னார்கள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். கட்டில் முழுக்க எனக்கே என்று ஆனபிறகு மல்லாந்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு மகாராணி மாதிரி படுத்தேன். அங்கேதான் வினை.

பள்ளி விடுமுறைக்கு வந்து வீட்டைக் காலி செய்து என்னைக் கூட்டிப் போவதாக நீ சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும், எனக்கு வாய் அடங்கி நீ பார்த்ததில்லை. உண்மையில் எனக்கே பயம். ஊரில் நடந்ததையெல்லாம் தேதியோடு சொன்னவளுக்கு முந்தின நாள் என்ன சமைத்தோம் என்பது நினைவில்லை, மூளை மங்குகிறதோ என்று நினைத்தேன். இந்த வீட்டை விட்டு வர மனசு இல்லை, ஆனால் தனியாக இருக்க நான் லாயக்குத்தானா என்ற சந்தேகமும் விடவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைக் கூட்டியும் இறங்காததால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். உன் வயதுப் பெண்தான். முதல் கேள்வியே, 'குறட்டை விடுவீங்களாம்மா?' என்றாள். சே, எங்க வீட்டுக்காரர்தான் விடுவார் என்றேன். 'நீங்க விடறதில்லன்னு யார் சொன்னா?' என்றாள். எங்க வீட்டுக்காரர்தான் என்றேன். சொன்ன மறு நொடியே எனக்கு உறைத்தது. சம்பந்தப்பட்ட ஒரே ஆள் சொன்னதை, இரண்டாவதாக ஒருவரிடம் கேட்காமல், இத்தனை வருஷம் ஊரெல்லாம் பரப்பியிருக்கிறேன். பத்திரிகையில் எனக்குக் கீழே வேலை பார்த்த எந்தப் பொடியனாவது இப்படி ஒரு செய்தி கொண்டுவந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

பக்கத்தில் யாரையாவது படுக்கவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதால் உன் அத்தையை வரவழைத்தேன். முதல் நாள் காலை நான் எழுந்து வரும்போது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். 'அண்ணி, நீங்க தூங்குறீங்களா, மரம் அறுக்குறீங்களா?' என்றாள். அபாண்டம் என்றேன். 'சத்தம் வந்தாக்கூடப் பரவால்ல, காதுல பஞ்சு வெச்சுக்கலாம். நடுநடுவுல மில்லு நின்னுபோகுது. மூச்சே இல்ல. போயிட்டீங்களோன்னு கிட்ட வந்து பார்த்தா, செத்த நேரம் கழிச்சு மறுபடி கரகரன்னு கிளம்புறீங்க.' என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக, 'எங்கண்ணன் எப்படித்தான் சமாளிச்சாரோ' என்றாள். எதை என்று பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் விடியும்போது உன் அப்பாவின் அம்மா அடுத்த அறையிலிருந்து, 'யாருடா அது, மாடு மாதிரி?' என்று கேட்டாராம், 'நான்தாம்மா, சளி' என்று இவர் குரல் கொடுத்தாராம். புதுப்பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்தால் ஆயுசுக்கும் போகாது என்று அன்றைக்குச் சொன்ன பொய், நிற்கவே இல்லை. உன் அத்தைக்கு மட்டும் தெரியுமாம். வெளியே சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். 'உங்க அண்ணி பத்திரிகைக்காரி, தெரிஞ்சா மறுப்பு அறிக்கை விடுவா' என்றாராம்.

ரயிலில் ஒரு தடவை பெட்டி மொத்தமும் நம்மைத் திட்டித் தீர்த்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டதும் நினைவிருக்கிறதா? அவர் ராத்திரி பூராவும் உட்கார்ந்தே வந்தார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உட்கார்ந்து முழித்திருந்த மனுஷன் எப்படிக் குறட்டை விட்டிருப்பார் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பார். பள்ளிக்கூடத்தில் என் குடும்பம் என்று நீ வரைந்த படத்தில் அப்பா வாயில் ஒரு ரம்பம் இருக்கும், அதை அவர் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நேற்று முன்தினம் அந்தக் கடைக்கே போய்க் கேட்டேன். முதலாளி முதலில் மழுப்பினார், பிறகு சிரித்துக்கொண்டே, 'மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் டேபிளுக்கு அடியில கொஞ்ச நேரம் படுப்பாரும்மா. என்னய்யா இப்படித் தூங்குறன்னா, எனக்கு வீட்ல நைட் டூட்டி இருக்கு சார்னுவாரு' என்றார். முதலாளிக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது, வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நானும் திருத்தவில்லை.

விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு குழாய் என்று மாட்டி வீட்டிலேயே பதிவு செய்து டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மல்லாந்து படுத்தால் என் தொண்டை உள்ளே மூடிக்கொள்கிறதாம், மூச்சு நின்று நின்று வருகிறதாம், ஒவ்வொரு தடவையும் மூளை என்னை எனக்கே தெரியாமல் உலுக்கி எழுப்புகிறதாம். இப்படி இருந்தால் பகலில் தூங்காமல் என்ன செய்வீர்கள், இரத்த அழுத்தம் எப்படி இறங்கும் என்றாள். தூக்க மாத்திரை இதற்கு ஆகாது என்று அதை நிறுத்திவிட்டாள். இது வந்தது இப்போதா, முன்பே உண்டா என்று கேட்டதற்கு, முன்பே இருந்திருக்கும், யாராவது உங்களைப் புரட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்களா என்று கேட்டாள். எனக்கு முழங்கைதான் நினைவுக்கு வந்தது. தூக்கத்தில் இடிக்கிறார் என்று அந்த முழங்கையோடு நான் போடாத சண்டை இல்லை. காலையில் என் முதுகுக்குப் பின்னால் அவர் தலையணை இருக்கும், எல்லை தாண்டி வருகிறது என்று அதையும் தூக்கி எறிவேன். இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, 'பாதி வைத்தியம் அவரே பண்ணியிருக்காரும்மா' என்றாள். அப்படியானால் துக்கம் இல்லையா என்றேன். 'துக்கம் இருக்கும், இருக்கட்டும், அதுக்கு நான் மருந்து தரல. ஆனா துக்கத்தால தொண்டை மூடாது' என்றாள். வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நன்றாக அழுதேன், பார்த்தவர்கள் ரிப்போர்ட் மோசம் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்போது காற்றை உள்ளே தள்ளும் ஒரு மெஷினை வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள், மூக்கில் மூடி, அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய். 'அண்ணி, ஏரோப்ளேன் ஓட்டப் போறீங்களா?' என்று உன் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவள், மில் நிற்கவே இல்லை, சத்தமும் இல்லை என்று மறுநாள் அவளே சாட்சி சொன்னாள். தலைக்கனம் குறைந்திருக்கிறது. உடம்பின் தலைக்கனத்தைச் சொல்கிறேன், மற்றது அப்படியேதான் இருக்கிறது என்கிறாள் உன் அத்தை. நேற்று நூலகத்துக்குப் போய், இறங்க வேண்டிய இடத்திலேயே இறங்கினேன். ஆனாலும் இதெல்லாம் நானும் நாத்தனாரும் சொல்வது, இதை வைத்து நீ எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

டிக்கெட்டை மட்டும் இப்போது போடாதே. மெஷினுக்குள் என் மூச்சைக் குறித்துவைக்கும் சிப்பை வரும் புதன்கிழமை மாலை டாக்டர் எடுத்துப் பார்ப்பாள், இரத்த அழுத்தமும் அன்றைக்கே. இரண்டும் சரியாக இருந்தால் நான் இங்கேயே இருப்பேன், நீங்கள் விடுமுறைக்கு வந்து சும்மா சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சரியில்லை என்றால் நானே பெட்டியைக் கட்டி வைக்கிறேன், வாக்குவாதம் கிடையாது. இன்னொன்றும் நிலுவையில் இருக்கிறது. இது அம்மா வழியில் பெண்ணுக்கும் வருமாம், நீயும் எப்போது பார்த்தாலும் அசதி அசதி என்றுதான் எழுதுகிறாய். உன்னைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனை மாப்பிள்ளையிடம் கொடு, நீ அறையை விட்டு வெளியே போ. அவர் தயங்காமல், 'அதெல்லாம் இல்ல அத்தை, குறட்டை விடுறது நான்தான்' என்று சொன்னாரானால், திங்கட்கிழமையே நீ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குட்டிக்கு என் முத்தங்கள், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா