ரேடியேட்டர் குழாயில் இல்லாத ஸ்பிரிங்

என் பிரியமான என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட இப்போதும் வாய் வரவில்லை. உங்கள் அறுபத்தொன்பதாம் வருடத்து மசில் காரை, அந்தப் பெரிய எஞ்சின் வண்டியை, நேற்று ஸ்டார்ட் செய்தேன். அமெரிக்கா வந்து, இந்த இர்விங் ஊரில் ஆளாளுக்குப் புதுக் கார் வாங்கியபோது இந்தக் கிழட்டு வண்டியைப் பிடித்து வந்தவராச்சே நீங்கள்! உங்கள் விசாவில் வந்தவள் நான், நீங்கள் இல்லாமல் இங்கே இருக்க முடியாது; அடுத்த வாரம் ஈரோடு கிளம்பியாக வேண்டும். இதை விலைக்கு வாங்க வந்தவரோ, எஞ்சின் சூடாகிற வண்டி வேண்டாம் என்றுவிட்டார்.

ஹீட்டர் முழுதாகத் திறந்தே இருந்தது. நீங்கள் கடைசியாகத் திருப்பியது. எஞ்சின் சூடேறியதும் அந்த அனல் என் முகத்தில் அடித்தது. ஆகஸ்ட் வெயிலில் இதோடுதான் ஃப்ரீவேயில் வந்தீர்களா?

"ஹீட்டரப் போட்டா எஞ்சின் சூடு கொஞ்சம் எறங்குமுங்க, அப்படியே ஓட்டிட்டு வாங்க" என்று ஆபீஸுக்குப் போன் செய்து சொன்னவள் நான்தான். பாதி வழியில் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டீர்கள். அந்த மாரடைப்பு எப்படியும் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். அப்படித்தானா?

மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை, வேகம் பிடித்தால்தான் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறும். நிறுத்தி பானெட்டைத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கும். நேற்று பக்கத்து வீட்டு மாலதியை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"போதுமா? சத்தமே பயமா இருக்கு!" என்று கத்தினாள்.

ரேடியேட்டரின் கீழ் ரப்பர் குழாய் என் கண்ணெதிரே சப்பையாகி, தண்ணீரை அடைத்தது. அவள் காலை எடுத்ததும் ஒன்றும் நடக்காததுபோல் விரிந்துகொண்டது.

அது சப்பையாகாமல் தாங்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். குழாய் மாற்றிய அன்று, பழையதற்குள் துருப்பிடித்துக் கிடந்ததைக் குப்பையில் போட்டது யார்? நான்தான். "எதுக்கோ வெச்சிருப்பாங்க, பாத்துக்க" என்றீர்கள். மெக்கானிக்கல் படித்த திமிர் எனக்கு. "எங்கூர்ல எந்த வண்டிக்கும் இதெல்லாம் கெடையாதுங்க" என்றேன். எங்கள் ஊரில் எந்த வண்டி எழுபது மைல் வேகத்தில் போனது?

இன்று புது ஸ்பிரிங் போட்டு, ஹீட்டரை அணைத்து, ஃப்ரீவேயில் ஓட்டினேன். முள் நடுவிலேயே நின்றது. ஒரு மணி நேர வேலைங்க. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் அம்மா ஒவ்வொரு போனிலும் அழுகிறார். "அந்தப் பழைய வண்டிய வாங்கி எம்பையன் தானே வெனையத் தேடிக்கிட்டான், கண்ணு." நானும் "ஆமாங்க அத்தை" என்றுதான் சொல்லி வந்தேன்.

இனிச் சொல்ல மாட்டேன். ஊரில் இறங்கியதும், அத்தை என்னைக் கட்டிக்கொள்ளும் முன்பே நடந்ததைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டால் மட்டும் அழுவேன்.

உங்கள் பேச்சைக் கேட்காத மனைவி,
சுமதி