பட்டியலில் பதினான்காவது பெயர்

ஆயர் ஈத்தாம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே டப்ளினில் நீயும் குளிரும் சண்டையில்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. வாட்சாப் இருக்கும்போது அப்பா ஏன் தபால்தலை வாங்குகிறார் என்று கேட்பாய். என் குரலை நானே கைபேசியில் போட்டுக் கேட்கும்படி ஆகிவிட்டது, அன்றிலிருந்து எனக்கும் குரல் பதிவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வருடம் ரம்புத்தான் நன்றாகக் காய்த்திருக்கிறது, குரங்கு தின்றது போக நமக்கு ஒரு கூடை கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பூனை நம் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது. ரம்புத்தானும் பூனையும் எழுதி எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க, விஷயத்துக்கு வாங்க என்று அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள். வருகிறேன்.

நீ படிக்கப் போனபோது கோலாலம்பூரில் அறை தேடி அலைந்தது உனக்கு மறந்திருக்காது. நம் பெயரைக் கேட்டதும் இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார் என்று ஒன்பது வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், ஒன்பது வீட்டையும் ஒரே காலையில் எடுத்த அந்த மகராசன் யாரென்று இன்றுவரை தெரியாது. பத்தாவது ஆளிடம் என் மகள் கறி சமைக்க மாட்டாள் சார், மசாலா வாசனையே வராது, ரொட்டிதான் சாப்பிடுவாள் என்று நான் கெஞ்சினேன், நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். திரும்பி வரும் பேருந்தில் நீ என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாய். அந்தக் கோபத்தில்தான் நான் வாடகை சமத்துவக் குழுவில் சேர்ந்தேன். தலைவர் சிற்றம்பலம், நில அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், தும்மினாலும் மூன்று நகல் கேட்பார். வேன் வைத்திருப்பதால் லெட்சுமணன் பொருளாளர், கையெழுத்து நன்றாக இருப்பதால் நான் செயலாளர். விளம்பரத்தைப் பார்த்து நாங்கள் போன் போட்டு வீடு கேட்போம், இந்தியர் என்றதும் இல்லை என்றால் பத்து நிமிடம் கழித்து லெட்சுமணனின் நண்பர், டயர் கடை ஆ செங், அதே வீட்டைக் கேட்பார். அவருக்கு மட்டும் வீடு காலியாக இருந்தால் வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் ஏறும், தீபாவளி மலரில் அச்சாகிக் கோயில் கோயிலாகப் போகும்.

போன மாதம் பதினான்காவது விளம்பரம். யோங் பெங், ஒற்றை மாடி, மூன்று அறை. அந்த ஊரில் அப்படி நூறு வீடு இருக்கும். லெட்சுமணனின் போனில் நான்தான் கேட்டேன். ஏஜண்ட் அலுவலகத்துப் பெண் மிகவும் மரியாதையாக, சாரி அங்கிள், ஓனருக்கு இந்தியன்ஸ் வேணாமாம் லா என்றது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆ செங் கேட்டார், சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து பாருங்கள் என்று இடத்தையும் அனுப்பிவிட்டார்கள். இதற்கு மறியல்தான் சரி என்று மேசையைத் தட்டியவன் நான். நாங்கள் வேனில் போனோம், பேனர் என் மடியில் விரிந்து ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்ததால் எந்தச் சாலை, எந்தத் திருப்பம் ஒன்றும் தெரியவில்லை. இறங்கி, பேனரைத் தூக்கிப் பிடித்து, வீடு எல்லோருக்கும் என்று ஒருமுறை கத்தியும் விட்டேன். அப்புறம்தான் கேட்டைப் பார்த்தேன். நீல நிறம். நீ வாங்கிப் போட்ட நம் வீட்டு கேட்டைப் பார்த்து எவனோ அதே நீலத்தை அடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். செருப்பு வைக்கும் பலகையும் நான் அடித்தது போலவே கோணலாக இருந்தது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு, உன் வீட்டை வாடகைக்கு விட நான் அமர்த்திய ஏஜண்ட் ரூபேந்திரன் வந்தான், வாங்க அங்கிள், என்ன பேனர்லாம் பிடிச்சிக்கிட்டு, வீட்டு ஓனரே வந்திருக்கீங்க என்றான்.

அலமாக் என்று தலையில் கை வைத்தார் லெட்சுமணன். சிற்றம்பலம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்த நேரத்தில் உன் அப்பன் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடு என் பேர்ல இல்லீங்க, மக பேர்ல இருக்கு என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது என்று எழுத ஆசைதான், ஆனால் சொன்னது நான். சிற்றம்பலம், கிராண்டில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், யார் பெயரோ அவர்தான் வீட்டுக்காரர் என்று சொல்லி, நின்ற இடத்திலேயே எழுதினார்: பதினான்கு, ஷர்மினி கமலநாதன். செயலாளர் என்ற முறையில் கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான். ரூபேந்திரன் நல்ல பையன், என்னைக் காட்டிக் கொடுக்காமல் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்த இனம் என்று பார்க்காமல் வாடகைக்கு விடுங்கப்பா என்றுதானே நீ சொன்னாய். நானும் ரூபேந்திரனிடம் அதையே சொன்னதாக ஒன்பது நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் நான் அவனுக்கு அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் கேட்டேன். நம்ம ஆளுங்க மட்டும் வேணாம் ரூபன், விளக்கு ஏத்தி சுவரெல்லாம் கரியாக்கிடுவாங்க, தாளிச்சி தாளிச்சி வீடே மணக்கும், ஒருத்தன்னு சொல்லிட்டு ஒன்பது பேரு வந்து படுப்பாங்க. இவ்வளவும் என் குரல். அதற்குப் பின்னால் அம்மா நம் அடுப்பில் கடுகு தாளிக்கும் சத்தமும் தெளிவாகக் கேட்கிறது. நல்லா இருக்கு ஞாயம், ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லிவிட்டு அம்மா இரண்டு நாள் எனக்கு ரொட்டிதான் வைத்தாள்.

உன்னைக் கறி சமைக்க விடாத ஊரில் உன் பெயரையே அந்தப் பட்டியலில் ஏற்றினேனே என்று எனக்குச் சோறும் இறங்கவில்லை, ரொட்டியும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று குரல் பதிவை ஒலிபெருக்கியில் வைத்தேன். பதினேழு பேர் கேட்டார்கள். கடுகு வெடித்த இடத்தில் யாரோ சிரித்தார்கள். முடிந்ததும் சிற்றம்பலம் குரலெல்லாம் ஆதாரம் ஆகாது, எழுத்து மூலமாகத் தாருங்கள் என்றார். எழுதினேன். அது வீடு மறுத்தவருக்கு எதிரான புகார் என்பதால், செயலாளர் மறுத்தவருக்குக் கண்டனக் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது விதியாம். எனவே கமலநாதனாகிய நான் கமலநாதனுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதி, தபாலில் போட்டு, மறுநாள் தபால்காரரிடம் வாங்கி, தங்கள் கடிதம் கிடைத்தது, வெட்கப்படுகிறேன் என்று பதிலும் அனுப்பினேன். பதில் சுருக்கமாக இருக்கிறது என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்றுதான் ஏற்றுக்கொண்டார்கள். பதினான்காம் எண்ணில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன், என் கையெழுத்தில் அவ்வளவு அழகாக வேறு எதுவும் விழுந்ததில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நம் வீடு மறுக்கப்பட்டவர்களில் ரெங்கம் ஊரிலிருந்து சபாபதி என்று ஒரு லாரி ஓட்டுநர், அவர் மகளுக்கு யோங் பெங் கிளினிக்கில் தாதி வேலை. மகள் கறி சமைக்க மாட்டா தம்பி, மெகி நூடுல்ஸ்தான் சாப்பிடுவா என்று ரூபேந்திரனிடம் கெஞ்சினாராம். அதைக் கேட்டதும் நானே அவருக்குப் போன் போட்டேன். தமிழ் ஓனரா, வேணாங்க, போன மாசம் ஒரு தமிழ் ஓனர் நம்ம ஆளுங்களே வேணாம்னுட்டாரு என்றார். அது நான்தாங்க என்றேன். லாரி எஞ்சினை அவர் அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்விதானாம், கறி சமைக்கலாமா என்று. நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா மீன் கறிக்கு நம் வீட்டுப் பக்குவத்தையே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வேளாவேளைக்குச் சாப்பிடு, கோபம் இருந்தால் போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இத்துடன் வாடகை ஒப்பந்தம் மூன்று நகல் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி நீ என்பதால் உன் கையெழுத்து வேண்டும், பென்சிலால் குறித்த இடத்தில் போட்டு உடனே அனுப்பு, மறந்துவிடாதே. ஏழாவது விதியை மட்டும் ஒருமுறை படித்துப் பார், சிற்றம்பலம் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது: குடியிருப்பவர் எந்நாளும் எவ்வேளையிலும் கறி சமைக்கலாம். நீ எங்கே இருந்தாலும் யாரும் உனக்குக் கதவைச் சாத்தாதிருக்க அந்த முருகன் துணை இருக்கட்டும். நல்லா இரும்மா.

பதினான்காம் எண்,
உன் அப்பா
கமலநாதன்